வாலென்சியா அரண்மனை எங்கே? என் காலுக்குக் கீழே!

சரி, கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இது ஸ்பெயினின் வாலென்சியா நகரில் இருக்கும் விவேரோஸ் பூங்கா. பின்னால் மரமும் புதருமாகத் தெரிகிறதே ஒரு சின்ன மேடு, அது குன்று கிடையாது. இடித்துப்போட்ட ஓர் அரண்மனையின் கல்லையும் செங்கல்லையும் குவித்து, மேலே மண்ணைக் கொட்டி மூடியது. இந்த மாதிரி இங்கே இரண்டு மேடு இருக்கிறது.

அரண்மனையின் பெயர் பலாசியோ தெல் ரியால். 11-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் முஸ்லிம் அரசர்கள் கையில் இருந்தபோது, அப்துல் அஜீஸ் என்ற மன்னர் மதிலுக்கு வெளியே, துரியா ஆற்றுக்கு இந்தக் கரையில் தோட்டமும் மாளிகையுமாக அமைத்த இடம். 1238-இல் அரகோன் மன்னர் முதலாம் ஹைமே ஊரைப் பிடித்ததும் இதுவும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா, ஆளாளுக்குக் கட்டிக்கொண்டே போனார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அல்ஃபோன்சோ மன்னர் காலத்தில் இது நன்றாகப் பெரிதானது. ஆனால் அந்த மனிதர் 1432-இல் இத்தாலிப் பக்கம் கிளம்பினார், நேப்பிள்ஸைப் பிடித்தார், அங்கேயே இருந்துவிட்டார்! மனைவி மரியா 1458-இல் இதே வாலென்சியாவில் இறக்கும்வரை இரண்டு பேரும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. மரியாவை அடக்கம் செய்த திரினிதாத் மடம் இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.

பின்னாளில் அரசப் பிரதிநிதிகள் குடியிருந்தார்கள். 300 சாவி அரண்மனை என்றே இதற்கு ஊரில் பெயர். அவ்வளவு அறைகளாம்.

இவ்வளவையும் இடித்தது யார் தெரியுமா? எதிரி இல்லை, ஊர்க்காரர்களேதான். 1810-இல் நெப்போலியனின் தளபதி சூஷே படையோடு மதில் பக்கம் வந்து, சில நாளில் திரும்பிவிட்டார். ஆனால் பயம் போகவில்லை. மதிலுக்கு நேர் எதிரே, ஆற்றைத் தாண்டியவுடன் இவ்வளவு பெரிய கட்டடம். பிரெஞ்சுக்காரன் இதைப் பிடித்துப் பீரங்கியை ஏற்றினால் ஊர் கதி என்ன? கணக்கு தப்பில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் பலன்? சூஷே அடுத்த வருடக் கடைசியில் பெரும்படையோடு திரும்பி வந்தார், 1812 ஜனவரியில் ஊர் சரணடைந்தது. அரண்மனையும் போச்சு, ஊரும் போச்சு.

பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகு வந்த ஜெனரல் எலீயோ இந்த இடிபாடுகளை மேடாக்கித் தோட்டம் போட்டார், அதனால் இவற்றுக்கே எலீயோ மேடு என்று பெயர். அவர் கதையும் கொடுமை. மன்னரின் சர்வாதிகாரத்துக்குத் துணை நின்றவர் என்பதால், ஆட்சி மாறியபோது 1822-இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள், அதுவும் இதே பகுதியில்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இடிப்பதற்கு எட்டு வருடம் முன்னால், 1802-இல், அரண்மனையை அளந்து யாரோ புண்ணியவான் வரைபடம் போட்டு வைத்திருந்தார். அது 2004-இல் எங்கே கிடைத்தது? பாரிஸ் ஆவணக் காப்பகத்தில், சூஷேயின் காகிதங்களுக்குள்! எந்த அறை எங்கே இருந்தது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

அஸ்திவாரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பூங்காவை ஒட்டிய ஹெனரால் எலீயோ தெருப் பக்கம் வாருங்கள். 1986-இல் அங்கே தோண்டியபோது சுவர்கள் வெளிப்பட்டன. கொஞ்சம்தான் தெரியும், மிச்சம் தார் ரோட்டுக்கு அடியில் போய்விடுகிறது.