நெடுந்தூர ரயிலுக்கு மானியம் கருவூலத்திலிருந்தே வரட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நெடுந்தூர ரயில் பயணத்துக்கு மானியம் வேண்டுமா என்ற இந்த விவாதத்தில், வேண்டும் என்பதே எங்கள் அணியின் கட்சி.

நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு ரயில்வே 54 ரூபாய்தான் வாங்குகிறது, மீதி 46 ரூபாயை வரி செலுத்துவோர் ஏன் சுமக்க வேண்டும் என்று எதிரணித் தலைவர் கேட்டார். 2022-23இல் பயணிகளுக்கான சலுகை 56,993 கோடி ரூபாய் என்று ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னதால், அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுமையில் பெரும்பங்கை ஏற்பது கருவூலம் அல்ல. நிலக்கரி, சிமெண்ட், உரம் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்களின் லாபமே பயணிகள் ரயில்களின் நட்டத்தை அடைக்கிறது என்று தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைகள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளன. இதனால் சரக்குக் கட்டணம் கூடி, ரயிலில் போக வேண்டிய சரக்கு லாரிக்குப் போய்விடுகிறது. இந்த இடத்தில் எதிரணியினரின் வருத்தம் எனக்கும் உண்டு. அதற்குத் தீர்வு மானியத்தை நிறுத்துவதன்று; அரசே வரவு செலவுத் திட்டத்தில் தனித் தொகையாக ஒதுக்கி, வெளிப்படையாகக் கொடுப்பதுதான். 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் 2017-18இல் பொது பட்ஜெட்டோடு இணைந்துவிட்ட பிறகு இதற்கு என்ன தடை?

புறநகர் ரயிலுக்கு மானியம் தரலாம், நெடுந்தூரத்துக்குத்தான் விமானம் இருக்கிறதே என்றும் சொன்னார்கள். காட்பாடி ரயில் நிலையத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள், ஒரு கையில் எக்ஸ்ரே உறையும் மறு கையில் நோயாளியின் தோளுமாக நடைமேடையில் நிற்பார்கள். ஹவுராவிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல், ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து, ஏசி இல்லாத படுக்கை வகுப்பிலோ முன்பதிவில்லாப் பெட்டியிலோ வந்தவர்கள் அவர்கள். மறுபரிசோதனைக்கு மீண்டும் வரச்சொன்னால், முழுச் செலவையும் கட்டணமாகக் கட்டி அவர்களால் வர முடியுமா?

விமானத்துக்கும்தான் அரசு கை கொடுக்கிறது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க 2016இல் தொடங்கிய உடான் திட்டத்தில் விமான நிறுவனங்களின் இழப்பை ஈடுகட்ட மாநில அரசுகள் பங்கு தருகின்றன, எரிபொருள் வரி குறைக்கப்பட்டது, சேவையே இல்லாத விமான நிலையங்கள் அரசுப் பணத்தில் புதுப்பிக்கப்பட்டன. அதை நான் குறை கூறவில்லை. அங்கே வளர்ச்சி என்று போற்றப்படும் உதவி, முன்பதிவில்லாப் பெட்டிக்கு வரும்போது மட்டும் வீண்செலவாகிவிடுவது எப்படி என்பதே என் கேள்வி.

வசதியுள்ளவருக்கும் சலுகை போகிறதே என்பது நியாயமான கேள்வி. முதல் வகுப்பு ஏசியில் போகிறவர் முழுச் செலவையும் தரட்டும். ராஜ்தானி, சதாப்தி ரயில்களில் 2016 முதல் தேவைக்கேற்பக் கட்டணம் உயர்த்துகிறார்களே, அது போல. அந்த மிச்சம் படுக்கை வகுப்புக்கும் பொதுப்பெட்டிக்கும் போகட்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் சலுகையை, ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடுமாக இருந்த அதே அளவில், மீண்டும் கொடுங்கள். நெடுந்தூர ரயிலுக்கு மானியம் வேண்டும், அதை அரசே நேரடியாகத் தர வேண்டும் என்ற எங்கள் அணியின் பக்கம் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.