அருவிக்கு முன்னால் ஓர் ஓடை

நேயர்களுக்கு வணக்கம்.

ஹவாய் தீவுகளில் ஒன்று கவாய். அதன் வடகரையில் கார் போகிற சாலை கே-ஏ கடற்கரையோடு முடிந்துவிடும். அப்புறம் ஒற்றையடிப் பாதைதான். கடலைப் பார்த்துக்கொண்டே மலைச்சரிவில் 2 மைல் நடந்தால் ஹனகாபியாய் கடற்கரை. அங்கே பள்ளத்தாக்குக்குள் திரும்பி இன்னும் 2 மைல் ஏறினால் ஹனகாபியாய் அருவி. ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. போய்வர 8 மைல்.

8 மைல்தானே, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். பாதை முழுக்கச் சேறு, வேர், வழுக்குப் பாறை. நல்லா நடக்கிறவர்களுக்கே ஆறு மணி நேரம் போதாமல் போகலாம். வெப்பமண்டலத் தீவுகளில் அந்திப்பொழுது ரொம்பக் குறுகியது. சூரியன் மறைந்ததும் மளமளவென்று இருட்டிவிடும், காட்டுக்குள் இன்னும் சீக்கிரம். அதனால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். அருவி கண்ணில் படாவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்பத்தான் வேண்டும்.

திட்டம் போடும்போது எல்லோரும் அருவியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓடை. ஹனகாபியாய் கடற்கரைக்குப் போய்ச் சேரும் இடத்தில் ஓடையைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. அருவிக்கு ஏறும் வழியிலும் அதே ஓடை மறுபடி மறுபடி குறுக்கிடும்.

நான் போன அன்று காலையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. கரையோரம் பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு கருங்கல், பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. அதை அடையாளமாகப் பார்த்துவைத்தேன். மதியம் திரும்பி வந்தால் கல்லைக் காணோம். அது இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. நிறம் பழுப்பாகி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. என் சட்டையில் ஒரு துளி மழை பட்டிருக்கவில்லை! எதிர்க்கரை பத்தே அடி தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. எங்களில் ஒருவர் காலை வைக்கவும் போனார், பிடித்து உட்காரவைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கல்லின் தலை வெளியே வந்தது, அப்புறம் தோள். அதற்குப் பிறகுதான் இறங்கினோம்.

வடகிழக்கிலிருந்து கடற்காற்று ஈரத்தோடு வருகிறது. மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, அந்த உயரத்திலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. கீழே கடற்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சிறிய தீவு, செங்குத்து மலை, நீளமில்லாத ஓடை. மேலே பெய்தது கீழே வந்துசேர அதிக நேரம் பிடிக்காது. 2014 ஏப்ரலில் இதே ஓடை பெருக்கெடுத்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வைத்துத்தான் மீட்டார்கள். ஆகவே கடற்கரை வானிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

அருவியடிக்குப் போய்விட்டால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பாறைச்சுவரை ஒட்டி உட்காரத் தோன்றும். தள்ளியே இருங்கள். தண்ணீரோடு கல்லும் விழும். பக்கத்து ஓஹூ தீவில் சேக்ரட் ஃபால்ஸ் என்ற அருவியில் 1999 மே 9 அன்று பாறை சரிந்து 8 பேர் இறந்தார்கள். அந்தப் பூங்காவை அன்றிலிருந்து மூடியேதான் வைத்திருக்கிறார்கள். ஹனகாபியாய் கடற்கரையிலும் கடலில் இறங்காதீர்கள். இழுப்பு பலமானது, உயிர்க்காவலர் கிடையாது. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் காயம் இருந்தால் இன்னும் கவனம். குடிநீரைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ போடுங்கள்.

அனுமதி விஷயமும் உண்டு. பாதை தொடங்கும் ஹா-எனா பூங்காவுக்குள் போக, ஹவாயில் வசிக்காதவர்கள் முன்பதிவு செய்திருக்க வேண்டும். 30 நாள் முன்னால் திறப்பார்கள், வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஷட்டில் பேருந்தில் இடம் பாருங்கள். முன்பதிவு கிடைத்துவிட்டதே என்பதற்காக மழைநாளில் போகாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். 2018 ஏப்ரலில் இந்த வடகரையில் ஒரே நாளில் 1,262 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மண்சரிந்து அடைபட்ட சாலை மறுபடி எல்லோருக்கும் திறக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

சரி, கிளம்புகிறவர்கள் முதல் ஓடைக்கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கரையோரம் நல்ல கல்லாக ஒன்றைப் பார்த்து, தண்ணீர் அதில் எதுவரை இருக்கிறது என்று மனத்தில் வைத்துக்கொண்டு காலை வையுங்கள்.

வணக்கம்.