பிங்க் கலர்ல உப்பு டீ! காஷ்மீர் நூன் சாய்க்கு அந்த நிறம் எங்கிருந்து வருது?

[திரை: கோப்பை நிறைய இளஞ்சிவப்பு டீ]

ரோஸ் மில்க்னு நினைச்சீங்களா? இது டீ மக்களே. கலர் பொடி ஒரு சிட்டிகை கூட இல்ல. சர்க்கரையும் இல்ல, உப்பு!

[திரை: வரைபடம்]

       

காஷ்மீர் டீன்னாலே வெளியூர்க்காரங்க குங்குமப்பூ, பாதாம் போட்ட கஹ்வாவைத்தான் சொல்வாங்க. அது விருந்துக்கு. வீட்டுல தினமும் காலையிலயும் சாயங்காலமும் ஓடுறது நூன் சாய்.

[திரை: அடுப்பு, நெருக்கமாக]

நாலு கப்புக்கு அளவு சொல்றேன். நூன் சாய்க்குன்னு விக்கிற பச்சைத் தேயிலை 2 மேசைக்கரண்டி, தண்ணி 3 கப், சமையல் சோடா கால் டீஸ்பூன். மிதமான தீயில 25 நிமிஷம் கொதிச்சு ஒரு கப்பா சுண்டணும். இப்போ சில்லுனு 2 கப் தண்ணி ஊத்தி, கரண்டியால உயரத் தூக்கித் தூக்கி 10 நிமிஷம் ஆத்துங்க. சூடு குறைய ஆத்தல, காத்து கலக்க ஆத்துறோம். சோடாவோட காரத்தன்மையில தேயிலையோட பாலிஃபீனால்கள் ஆக்சிஜனோட சேர்ந்து கருஞ்சிவப்பாகும். அதுல பால் விழுந்தா பிங்க். ரகசியமே அவ்வளவுதான்!

வடிகட்டி 2 கப் கொழுப்பெடுக்காத பால், அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து ஒரு கொதி விடுங்க. மேல ஒரு கரண்டி பாலாடை.

எங்க சொதப்பும்? சோடா கூடினா சோப்புத் தண்ணி வாடை வரும், அதைச் சரிபண்ண வழியே இல்ல. ஆத்துறதுல சோம்பல்பட்டா பழுப்பு நிறத்துலயே நின்னுடும். கடைத் தூள் டீயைப் போட்டா பிங்க் வரவே வராது. சாறு கருஞ்சிவப்பாகுறதுக்கு முன்னாடி பாலை ஊத்தினா சாம்பல் நிறத்துல ஒரு சோகம்தான் கிடைக்கும். சர்க்கரையும் பிஸ்தாவும் தூவித் தர்ற கஃபே வெர்ஷன் என்னைக் கேட்டா பாயாசக் கணக்குல சேரும்.

[திரை: சமோவார், குறுக்குவெட்டு]

இப்போ சமோவார். இந்த டீயைச் சூடா வெச்சுப் பரிமாறுற செம்புப் பாத்திரம். நட்டநடுவுல ஒரு குழாய், அதுக்குள்ள கனன்றுக்கிட்டிருக்கிற கரி. சுத்தி டீ. சாம்பல் கீழ இருக்கிற சல்லடை வழியா உதிரும். உள்பக்கம் வெள்ளீயம் பூசியிருக்கும். அந்த வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும். அதனால டீ ஊத்தாம கரியை மட்டும் போட்டா பூச்சு போச்சு. பூச்சு தேய்ஞ்சாலும் மறுபடி பூசித்தான் ஆகணும், வெறும் செம்புல உப்பு டீ நிக்கக் கூடாது.

தொட்டுக்க ரொட்டி. தந்தூர் அடுப்புல சுடுற கண்டுர் கடையில காலைக்கு கிர்தா, சாயங்காலத்துக்கு எள்ளு தூவின சொச்வோர்.

சாறை மட்டும் வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாள் தாங்கும், வேணும்ங்கறப்போ பாலும் உப்பும் சேர்த்துக்கலாம். போட்டுப் பார்த்துட்டு என்ன நிறம் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பழுப்பா வந்தவங்க, எத்தனை நிமிஷம் ஆத்தினீங்கன்னும் சேர்த்து எழுதுங்க!