தட்டி எழுதினால் ஓவியக் கை கெட்டுப்போகுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். ஓவியம் கற்கிறாராம், மாணவர் இயக்கத்துக்குத் தட்டியும், அதாவது தெருவில் வைக்கிற விளம்பரப் பலகையும், எழுதுகிறாராம். "கட்சிக்கு வரைந்தால் கை கெட்டுப்போகும் என்கிறார்கள், வீட்டில் அப்பச்சியும் பயப்படுகிறார், எதை விடுவது?" என்பது கேள்வி.

எதையும் விட வேண்டாம் தம்பி. சோம்நாத் ஹோர் என்று ஒரு வங்காள ஓவியர், 1921-இல் சிட்டகாங் பக்கம் பிறந்தவர். 1943 வங்காளப் பஞ்சத்தில் அவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். அப்போது சித்தப்ரசாத் என்ற கம்யூனிஸ்ட் ஓவியர்தான், பட்டினியில் தெருவில் கிடந்தவர்களை நேரில் பார்த்து வரைய அவரைப் பழக்கினார். கலைக் கல்லூரியெல்லாம் அப்புறம்தான். 1946 கடைசியில், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு தங்களுக்கு வேண்டும் என்று, அடுத்தவர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் எழுந்தார்களே, அந்தத் தெபாகா போராட்டம், அதைப் பதிவு செய்யக் கம்யூனிஸ்ட் கட்சி அவரை ரங்பூர் கிராமங்களுக்கு அனுப்பியது. அந்த நாட்குறிப்பைத் தேடிப் பாருங்கள். அறுவடை, கூட்டம், விவசாயிகளின் முகங்கள் என்று எல்லாமே கண்ணால் கண்டது. எழுபதுகளில் 'காயங்கள்' என்று ஒரு வரிசை செய்தார், வெள்ளைக் காகிதக் கூழில் வெட்டும் கீறலும் மட்டும், முழக்கம் எதுவும் கிடையாது. இளவயதில் பார்த்த அந்தப் பஞ்சம் அதில் அப்படியே இருக்கிறது, எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

சரி, கை எப்போது கெடும்? எல்லாத் தட்டியிலும் வருகிற அந்த உயர்த்திய முஷ்டியை, ஒருவர் கையையும் உற்றுப் பார்க்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் கெடும். அரசியலால் இல்லை, பார்க்காததால்.

ஆத்தங்குடி உங்களுக்குப் பக்கம்தானே, தரைக்குப் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்கிற பட்டறைக்குப் போய் உட்காருங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறவரின் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, வெயிலில் கல்லை அடுக்குகிறவரின் முதுகு எப்படி வளைகிறது என்று வரையுங்கள். நம் ஊருக்கு வருகிறவர்கள் தரையைத்தான் படம் எடுக்கிறார்கள், தரையைப் போட்டவரை யார் வரைந்தார்கள்? அவருடைய கூலியையும் கேளுங்கள், உங்கள் தட்டிக்கு அதைவிட நல்ல வாசகம் கிடைக்காது.

அப்பச்சியிடம் காரைக்குடிப் பக்கத்துச் சிராவயலைப் பற்றிப் பேசுங்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா அங்கே ஆசிரமம் நடத்தியதும், 1927-இல் காந்தி அங்கேயே வந்து அவரைச் சந்தித்ததும் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். படிப்பை முடிப்பேன் என்ற உறுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் பயம் அதைப் பற்றித்தான் இருக்கும்.

வரைந்ததை அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.