கோடு விலகிடுச்சு! பேர் தப்பா வந்த பனையும், மட்டையப் பாத்து அடையாளம் சொல்ற விஷயமும்

வணக்கம் மக்களே! இன்னிக்குத் தொட்டி மாத்தற வீடியோ போடறதா இருந்தேன். அது அப்புறம். காலைல தண்ணி ஊத்தப் போனேன், பாத்தா கோடு விலகியிருக்கு. கோடு விலகியிருக்குங்க! இன்னும் அந்தச் சந்தோஷம் அடங்கல, அதான் கேமரா ஆடுது.

ரெகுலரா பாக்கறவங்களுக்கு எந்தக் கோடுன்னு தெரியும். புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன். இந்த ஓரத்துல நிக்கற விசிறிப் பனை, குளிர்ல ஓலை மொத்தமும் காஞ்சு சருகாப் போச்சு. அந்த வீடியோவுக்குக் கீழ நிறையப் பேர் 'தோண்டி எறிஞ்சுட்டு வேற வைங்க'ன்னு எழுதியிருந்தீங்க. நான் ஒத்துக்கல. பனை வகைல ஓலை போனா மரமே போச்சுன்னு ஆகாது. உயிர் இருக்கறது ஒரே இடத்துல, உச்சில, குருத்துக்கு அடியில இருக்கற மொட்டுல. அது நல்லா இருந்தா மரம் இருக்கு. அது அழுகிடுச்சுன்னா, சுத்தி நிக்கற ஓலை எவ்வளவு பச்சையா இருந்தாலும் ஒத்தத் தண்டு மரம் முடிஞ்சுது.

அதனால குருத்த மட்டும் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாத்தேன். வரல. அழுகியிருந்தா கையோட உருவிட்டு வந்திருக்கும், அடியில வழவழன்னு நாத்தம் அடிக்கும். அப்படி வந்தாலும் உடனே கைவிடாதீங்க, குருத்து அழுகினாலும் அடியில மொட்டு தப்பிச்சிருக்கலாம். குழியச் சுத்தம் பண்ணி, காப்பர் மருந்து ஊத்தி, மழை உள்ள விழாம மேல ஒரு மூடி போட்டு, வெயில் வர்ற வரைக்கும் விடுங்க. அதுலேர்ந்தும் எழுந்து வர்ற மரம் உண்டு. இதுக்கு அந்த வைத்தியம் தேவைப்படல. ஒரு மார்க்கர் எடுத்து, குருத்து மேலயும் பக்கத்துல ஒட்டி நிக்கற மட்டை மேலயும் சேர்த்து நேரா ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான். மட்டை வளந்து முடிஞ்சது, அது நகராது. குருத்து அடியிலேர்ந்து தள்ளிட்டு மேல வரும்.

இருங்க, கிட்டக் கொண்டு வர்றேன். ஃபோகஸ் ஆகுதா? இது மட்டை மேல இருக்கற பாதிக் கோடு. இப்போ குருத்து மேல இருக்கற பாதி எங்க இருக்கு பாருங்க. இங்க! ஒரு விரல் அகலம் மேல போயிருக்கு. அந்த இடைவெளில தெரியுது பாருங்க, வெளிறின பச்சை, வெயிலே படாத புது நிறம். வாங்கி வச்ச எந்தச் செடியோட பூவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் குடுத்ததில்ல. நாளைக்கு இன்னொரு கோடு போடப் போறேன். ஏன்னா ஏற்கெனவே உருவான குருத்து கொஞ்சம் நீண்டுட்டு அப்புறம் நின்னு போறதும் உண்டு. ரெண்டாவது கோடும் விலகினாத்தான் முழுசா நம்புவேன்.

சரி, இப்போ கோபத்துக்கு வர்றேன். இந்த மரம் ஏன் இந்தக் கதிக்கு ஆச்சு? வாங்கறப்போ அதுல இருந்த சீட்டுல ட்ராக்கிகார்ப்பஸ்னு போட்டிருந்துச்சு. ட்ராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனிங்கற விசிறிப் பனை நல்லா வேர் பிடிச்சுட்டா மைனஸ் 15 டிகிரி வரைக்கும்கூடத் தாங்கும். வந்தது வாஷிங்டோனியா ரொபஸ்டா. அதுக்கு மைனஸ் 5 பக்கம் போனாலே ஓலை கருகும். பேர்ல இருக்கற தப்பு பத்து டிகிரித் தப்பு! விக்கறவங்களுக்கு அது ஒரு பிளாஸ்டிக் துண்டு, வாங்கறவங்களுக்கு அது மரத்தோட உயிர். 'அலங்காரப் பனை'ன்னு மட்டும் எழுதி விக்கறதும் எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. பனைக் குடும்பத்துல ஏறக்குறைய 2,600 இனம் இருக்கு. அதுல எது?

நான் எப்பவும் சொல்றதுதான், ஓலைய அப்புறம் பாருங்க, முதல்ல மட்டையப் பாருங்க. சின்ன வயசுல விசிறி ஓலை எல்லாமே ஒண்ணு போலத்தான் இருக்கும். மட்டை ஏமாத்தாது. இந்தப் புழைச்ச மரத்தோட பழைய மட்டை ஒண்ணு வெட்டி வச்சிருக்கேன். ரெண்டு ஓரத்தையும் பாருங்க, கொக்கி கொக்கியா வளைஞ்ச முள்ளு, கைய வச்சு இழுத்தா தோலக் கிழிக்கும். தண்டோட சேர்ற இடத்துல செம்பழுப்பு ஓடியிருக்கு. இது ரொபஸ்டா. இதோட அண்ணன் வாஷிங்டோனியா ஃபிலிஃபெரா, தண்டு ரொம்பத் தடிமன், ஓலை சாம்பல் பச்சை, கீறின இடத்துலயெல்லாம் வெள்ளை நூல் தொங்கும். ஆனா நூல மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ரொபஸ்டாவுக்கும் இளசுல நூல் உண்டு.

நிஜ ட்ராக்கிகார்ப்பஸ் மட்டைய விரல்ல தடவுனா சொரசொரன்னு இருக்கும், அவ்வளவுதான். பல்லு அத்தனை சின்னது. அதோட தண்டுல பழுப்பு நார் கம்பளி மாதிரி சுத்தியிருக்கும். சாமராப்ஸ்னு இன்னொரு விசிறிப் பனை, அதுல முள்ளு நீளமா ஊசியா நிக்கும், அடியிலேர்ந்து பக்கக் கன்னு நிறைய விடும். லிவிஸ்டோனா சைனென்சிஸ்ல முள்ளு மட்டையோட கீழ்ப்பாதிலதான் இருக்கும், ஓலை நுனி தளந்து தொங்கும். நம்ம பனைக்குத்தான் தெரியுமே, மட்டை ஓரம் முழுக்கக் கறுப்புக் கருக்கு. இவ்வளவும் பாக்கறதுக்கு ஒரு நிமிஷம் போதும், கடைலயே பாத்துடலாம்.

அடுத்தது தென்னங்கீத்து மாதிரி ஓலை இருக்கற வகை. இங்க நான் முதல்ல பாக்கறது ஓலைல வரிசையா இருக்கற இலைல ஒண்ணு எந்தப் பக்கம் மடிஞ்சிருக்குன்னு. மழை பெஞ்சா தண்ணி தேங்கற மாதிரி மேல பாத்த மடிப்பா, இல்ல வழிஞ்சு ஓடற மாதிரி கூரை மடிப்பா? தென்னை, கமுகு, ராயல் பாம், அரிக்கா பாம் எல்லாமே கூரை மடிப்பு. தண்ணி தேங்கற மடிப்பு, கூடவே மட்டையோட அடியில இலைக்குப் பதிலா நீள நீள முள்ளு, இந்த ரெண்டும் சேந்து இருந்தா அது ஈச்சங்குடும்பம், ஃபீனிக்ஸ். வேற சந்தேகமே வேணாம். அதுக்குள்ள பிரிக்கறதும் கஷ்டமில்ல. ஓலை நீலச் சாம்பல், தண்டு ஒல்லி, அடியில கன்னு விட்டா பேரீச்சை. தண்டு பெருசா, கன்னே விடாம, பச்சை ஓலை அடர்த்தியாக் கவிஞ்சு நின்னா கேனரி ஈச்சை. முழங்கால் உயரத்துல மென்மையான ஓலையோட தொட்டில நின்னா பெரும்பாலும் ரோபெலினி. மென்மைன்னு நம்பி அடியில கைய விட்டீங்கன்னா முள்ளு ஏறும், சொல்லிட்டேன்.

அப்புறம் பச்சைத் தண்டு. உச்சிக்குக் கீழ வழுவழுன்னு பச்சைக் குழாய் மாதிரி ஒரு பகுதி தெரியுதா? ஓலையோட அடிப்பகுதி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு இறுக்கமாச் சுத்தி வர்றதுதான் அது. கமுகு, ராயல், ஃபாக்ஸ்டெயில், பாட்டில் பாம்னு பல வகைல அது இருக்கும். தென்னைல இருக்காது, ஈச்சைல இருக்காது. ஃபாக்ஸ்டெயில்ல இலை ஓலையோட நடுத்தண்டச் சுத்தி எல்லாப் பக்கமும் நிக்கும், நுனி கடிச்ச மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவோட குவீன்ஸ்லாந்துல ஒரு சின்ன மலைப்பகுதில மட்டும் இருந்த மரம் அது. தாவர ஆளுங்க அதுக்கு முறையாப் பேர் வச்சதே 1983லதான். இன்னிக்கு எந்தத் தோட்டத்தப் பாத்தாலும் நிக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச மரம், மறைக்க மாட்டேன். பாட்டில் பாமும் ஸ்பிண்டில் பாமும் குட்டில குழப்பும். பெருசானதும் தெளிவு. பாட்டிலுக்கு அடியில வீக்கம், ஸ்பிண்டிலுக்கு நடுவுல.

ஆங், அரிக்கா பாம்னு சொன்னேன்ல, அத விட்டுட்டேன். தொட்டில விக்கற அரிக்கா பாம் வேற, பாக்குக் காய்க்கற கமுகு வேற. தொட்டில இருக்கறது மடகாஸ்கர் செடி, புதரா வளரும், மஞ்சள் தண்டு, அதுல பொடிப் பொடியாக் கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிய நோய்னு நினைச்சு மருந்தடிக்கறேன்னு எழுதியிருந்தீங்க ஒருத்தர். அடிக்காதீங்க, அது அதோட இயல்பு.

ஓலை ரெண்டு தரம் பிரிஞ்சு, ஒவ்வொரு இலையும் மீன் வால் மாதிரி இருந்தா அது கேரியோட்டா, கூந்தற்பனை இனம். வேற எந்தப் பனைக்கும் ஓலை அப்படி ரெண்டு தரம் பிரியாது. அதுல ஒத்தையா நிக்கற வகை வச்சவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். உச்சில ஆரம்பிச்சு கீழ கீழ பாளை விட்டுட்டு வரும், கடைசிப் பாளையோட மரம் பட்டுப் போகும். நோய் இல்ல, உரம் போட்டு நிறுத்த முடியாது. பழத்த வெறுங்கையால நசுக்காதீங்க, அரிப்பு தாங்காது.

பனையே இல்லாத 'பனை'யும் விக்கறாங்க. சேகோ பாம், அது சைகஸ். புது ஓலை வர்றப்போ ஒவ்வொரு இலையும் சுருள் சுருளாச் சுத்தியிருக்கும், எந்தப் பனைலயும் அப்படி வராது. வீட்ல நாய் இருந்தா சைகஸ் வைக்கவே வேணாம். மொத்தச் செடியும் விஷம், விதை இன்னும் மோசம். ட்ராவலர்ஸ் பாமும் பனை இல்ல. இலையப் பாத்தாலே வாழைக்கு உறவுன்னு தெரியும்.

விதைலேர்ந்து வந்த குட்டிப் போட்டோ நிறைய அனுப்பறீங்க. முதல் ரெண்டு மூணு இலைல உறுதியாச் சொல்ல முடியாது. வாஷிங்டோனியா, ஈச்சை, பனை எல்லாமே புல்லு மாதிரி ஒரே பட்டையாத்தான் முளைக்கும். முதல் இலையே ரெண்டாப் பிளந்திருந்தா இந்த மூணும் இல்லன்னு சொல்லலாம், அரிக்கா பாம் அப்படி முளைக்கும். தென்னங்கன்னுக்கே முதல்ல கீத்துப் பிரியாது. பொறுமையா வளருங்க.

இப்போ எந்தத் தட்பவெப்பத்துக்கு எது. குளிர் கடுமையா இருக்கற இடத்துக்கு ட்ராக்கிகார்ப்பஸ், அதவிடக் கெட்டி ஊசிப் பனை, ராஃபிடோஃபில்லம். மைனஸ் 20 பக்கம் வரைக்கும் நிக்கும்னு பேர் வாங்குனது. ஆனா மெதுவா, ரொம்ப மெதுவா வளரும். தென்னங்கீத்து மாதிரி ஓலைதான் வேணும்னா பூட்டியா, மைனஸ் 10 அளவு தாங்கும், நீலச் சாம்பல் ஓலை வில்லு மாதிரி வளையும். இதுல ஒண்ணு கவனிங்க, ஒரே டிகிரியா இருந்தாலும் காஞ்ச குளிர் வேற, ஈரக் குளிர் வேற. ஃபிலிஃபெரா பாலைவன மரம், காஞ்ச குளிர்ல அசராம நிக்கும், குருத்துல மழைத் தண்ணி தேங்குற குளிர்ல அழுகிடும்.

சூடும் ஈரமும் இருக்கற இடத்துல இருக்கறவங்க குடுத்து வச்சவங்க. சிவப்புத் தண்டு சிர்டோஸ்டாக்கிஸ் அங்கதான் நல்லா வரும். சதுப்பு மரம், காலடியில எப்பவும் ஈரம் வேணும், 15 டிகிரிக்குக் கீழ போனாலே முகம் வாடிடும். வறண்ட சூடுன்னா பிஸ்மார்க்கியா, வெள்ளி மாதிரி நீல ஓலை. அத முதல்லயே நிரந்தர இடத்துல வச்சுடுங்க, வேரத் தொட்டாக் கோவிச்சுக்கும். வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மின்னா கென்ஷியா, ராஃபிஸ். சூட்டையே தாங்காத பனையும் இருக்கு. கொலம்பியாவோட தேசிய மரம், செராக்சிலான், உலகத்துலயே உயரமான பனை, 60 மீட்டர் வரைக்கும் போகும். அது ஆண்டிஸ் மலைப் பனிமூட்டத்துல வளர்றது. சமவெளிச் சூட்டுல வச்சா தவிச்சே செத்துப் போகும். ஆசையா இருந்தாலும் வேணாம்.

மஞ்சள் ஓலைய வெட்டலாமான்னு எல்லா வீடியோவுலயும் கேக்கறீங்க. வெட்டாதீங்க. பழைய ஓலைல மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளி வந்தா பொட்டாசியம் பத்தல. மரம் அந்த ஓலைலேர்ந்துதான் எடுத்துப் புது ஓலைக்கு அனுப்புது. நீங்க வெட்டுனா அடுத்த ஓலைலேர்ந்து எடுக்கும், அதுவும் மஞ்சளாகும். ஓரம் மட்டும் மஞ்சள் பட்டை, நடு பச்சைன்னா மெக்னீசியம். புதுக் குருத்தே சுருங்கிக் கருகி வந்தா மாங்கனீஸ், சுண்ணாம்பு மண்ணுல அடிக்கடி வரும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் பனைக்குப் பரிந்துரைச்ச உரக் கணக்கு 8-2-12, அதாவது தழைச்சத்து 8, மணிச்சத்து 2, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 12, கூட 4 மெக்னீசியம், மெதுவாக் கரையற மாதிரி. மணிச்சத்து அவ்வளவு கம்மியா இருக்கறதக் கவனிங்க. பூச்செடி உரத்த இதுக்குப் போடாதீங்க.

தண்டுல ஆணி அடிக்கறது, விளக்குத் தொங்க விடறது, அதெல்லாம் பாத்தா எனக்கு வயிறு எரியும். மத்த மரத்துல காயம் மூடும். பனைல மூடாது, கடைசி வரைக்கும் ஓட்டை ஓட்டைதான். பச்சை மட்டைய வெட்டுன காயத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். புது ஓலை விரிஞ்சப்போ கத்தரியால வெட்டுன மாதிரி V வடிவத்துல குறை இருந்தா அது காண்டாமிருக வண்டு வேலை, அது குருத்துலயே துளைச்சுட்டுப் போயிருக்கும்.

நடற ஆழம் சொல்ல மறந்துட்டேன் பாருங்க! தொட்டில மண்ணு எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம். ஆட்டம் காணாம நிக்கணும்னு கழுத்து வரைக்கும் புதைக்காதீங்க, உடனே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா நலிஞ்சு போகும். பேத்து நடறதா இருந்தா சூடான பருவத்துல பண்ணுங்க, அப்பத்தான் வேர் ஓடும்.

பேர் கேட்டுப் போட்டோ அனுப்பறவங்க தூரத்துலேர்ந்து முழு மரத்த மட்டும் எடுத்து அனுப்பாதீங்க. மட்டை ஓரம் ஒண்ணு, மட்டை தண்டோட சேர்ற இடம் ஒண்ணு, ஒரு இலையோட மடிப்பு ஒண்ணு, அடியில கன்னு இருந்தா அது ஒண்ணு. உங்க தோட்டத்துல குளிர் எவ்வளவு கீழ போகும்னும் எழுதுங்க. ரெண்டாவது கோடு போட்டதும் ஷார்ட்ஸ்ல போடறேன். வர்றேன்!