அல்கார்வ் கடற்கரையில் வீடு வாங்குவது: வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை

[காட்சி: ஃபாரோ விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானத்தின் சன்னல். கீழே உப்பங்கழியும் மணல் தீவுகளும்.]

வணக்கம். போர்ச்சுகல் நாட்டின் தென்கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் பகுதிக்கு அல்கார்வ் என்று பெயர். மேற்குத் திசையைக் குறிக்கும் 'அல் கர்ப்' என்ற அரபுச் சொல்லே நாளடைவில் இப்படி மருவியது. ஆண்டுக்கு 300 நாள் வெயில் என்பது இங்கே வீடு விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாசகம். அதில் பெரிய மிகை இல்லை. ஆனால் வீடு வாங்க நினைப்பவர் எஞ்சிய 65 நாட்களையும், வீட்டின் தாள்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த இரண்டையும்தான் இந்த வீடியோ விளக்குகிறது.

முதலில் இடம். ஃபாரோ நகரத்துக்கு மேற்கே காவி நிறச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. லாகுஸ் நகரத்தை அடுத்த பொந்தா த பியெதாத் முனையின் குகைகளும் வளைவுகளும்தான் அஞ்சலட்டைகளில் நாம் காணும் அல்கார்வ். கிழக்கே அந்தக் காட்சி மாறிவிடுகிறது. ரியா ஃபொர்மோசா என்னும் உப்பங்கழி, தவிரா, ஒல்யாவ் போன்ற ஊர்களைக் கடலிலிருந்து பிரித்து நிற்கிறது. அங்கே குளிக்கப் போகிறவர்கள் படகேறி மணல் தீவுக்குச் செல்கிறார்கள். லாகுஸிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை ஒரு ரயில் பாதை ஓடுவதால், இரு பக்கங்களையும் காரில்லாமலே பார்த்து ஒப்பிடலாம்.

[காட்சி: ஒல்யாவ் மீனவர் தெரு. தட்டையான மொட்டை மாடிகள்.]

ஒல்யாவின் பழைய வீடுகள் நமக்குப் பழக்கமானவை போலத் தோன்றும். வெள்ளையடித்த சுவர்கள், அத்தியும் பாதாமும் உலர்த்திய மொட்டை மாடி, அதற்கு ஏறும் குறுகலான படிக்கட்டு. இவை வெயிலைச் சமாளிக்கக் கட்டப்பட்டவை. குளிரைப் பற்றிக் கட்டியவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பெய்கிறது, அந்த மாதங்களில் ஓட்டுத்தரை சில்லென்று இருக்கும், பல வீடுகளில் மையச் சூடேற்றி கிடையாது, வடக்குப் பார்த்த அறையின் சுவர் வியர்க்கும். எனவே ஜூலையில் மயங்கிய வீட்டை ஜனவரியில் மறுபடி போய்ப் பாருங்கள். படுக்கையறை அலமாரியைச் சற்று நகர்த்தச் சொல்லி, அதன் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கருப்புப் பூஞ்சை படர்ந்திருந்தால் அங்கேதான் இருக்கும். மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், அதன் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதையும் எட்டிப் பார்க்கலாம். விற்பவர் சொல்லாததை அந்தத் தொட்டி சொல்லிவிடும்.

இனித் தாள்கள். நம்மூரில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம் அல்லவா, ஏறக்குறைய அதே வேலைதான். வரித்துறை தரும் ஏட்டுக்குக் கதெர்நேத்தா பிரெதியல் என்று பெயர். சொத்தின் எண், பரப்பு, வரி விதிப்புக்கான மதிப்பு ஆகியவை அதில் இருக்கும். பதிவுத்துறை தரும் சான்றுக்குச் செர்த்திதாவ் பெர்மனென்த் என்று பெயர். உரிமையாளர் யார், வங்கி அடமானம் உண்டா, நீதிமன்றப் பற்றுகை உண்டா என்பதை அது காட்டும். இரண்டிலும் உள்ள பரப்பளவு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அத்துடன் நீங்கள் கண்ணால் பார்த்த வீட்டுக்கும் பொருந்த வேண்டும். இந்த மூன்றாவது பொருத்தத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய பண்ணை வீட்டை ஒட்டி இரண்டு அறைகளை நீட்டிக் கட்டியிருப்பார்கள், தோட்டத்தில் நீச்சல் குளம் வெட்டியிருப்பார்கள். தாளிலோ அறைகளும் இருக்காது, குளமும் இருக்காது.

கட்டடத்தில் குடியிருக்கலாம் என்று நகராட்சி தரும் அனுமதிக்குப் பயன்பாட்டு உரிமம் என்று பெயர். 1951 ஆகஸ்ட் 7-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொதுவாகத் தேவையில்லை. பிற்காலக் கட்டடங்களுக்கு அது தேவை. ஆனால் 2024-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கிரயத்தின் போது அந்த உரிமத்தைக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டது. இது சலுகை போலத் தெரிந்தாலும், கேட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் விழுந்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

[காட்சி: குன்றின் விளிம்பில் ஒரு வெள்ளை வீடு. கீழே எச்சரிக்கைப் பலகை.]

கடலைப் பார்த்த வீடு என்றால் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, குன்று நிலையாக இருக்கிறதா என்பது. 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் குன்று சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். மற்றொன்று சட்டம் சார்ந்தது. கடலோரத்தில் 50 மீட்டர் அகலத்துக்குள் வரும் நிலம் அரசுடையது என்றே சட்டம் கருதுகிறது. அது தனியார் நிலம் என்று வாதிடுபவர், 1864 டிசம்பர் 31-க்கு முன்பே, செங்குத்துக் குன்றாக இருந்தால் 1868 மார்ச் 22-க்கு முன்பே, அது தனியார் கையில் இருந்தது என்று நிறுவ வேண்டியிருக்கும். கொள்ளுத் தாத்தா காலத்துப் பத்திரத்தைத் தேட வேண்டிய நிலை வரலாம் என்பதால், முகவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுங்கள். முகவரிடம் ஆ-எம்-இ உரிம எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாதவர் தரகு செய்யக் கூடாது.

வாங்கும் நடைமுறை எளிதுதான். நீஃப் எனப்படும் ஒன்பது இலக்க வரி எண்ணை முதலில் பெற வேண்டும். பிறகு கிரய ஒப்பந்தம் எழுதி, வழக்கமாக 10 சதவீதம் முன்பணம் தருவார்கள். வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் அதை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 3,00,000 யூரோ வீட்டுக்கு 30,000 யூரோ கைமாறும் என்பதால், மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் இந்தக் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முத்திரை வரி 0.8 சதவீதம், அதாவது இதே வீட்டுக்கு 2,400 யூரோ. சொத்து மாற்று வரி விலைக்கேற்ப ஏறி 7.5 சதவீதம் வரை செல்லும். அதன் படிநிலைகள் பட்ஜெட்டோடு மாறுவதால் அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பாருங்கள். ஆண்டு வீட்டு வரி, வரி மதிப்பில் 0.3 முதல் 0.45 சதவீதம் வரை. எந்த விகிதம் என்பதை நகராட்சி முடிவு செய்யும்.

வீடு வாங்கினால் குடியுரிமை வந்துவிடும் என்று சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. 2012-இல் தொடங்கிய தங்க விசாத் திட்டத்தில் வீடு வாங்கி வசிப்புரிமை பெறும் வழி 2023 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. இன்று அல்கார்வில் வீடு வைத்திருக்கும் இந்தியரும் ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்கு 90 நாட்கள்தான் தங்க முடியும். கூடுதலாகத் தங்க வேறு வகை விசா வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் பணம் அனுப்புவதற்கும், ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் என்ற ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு.

[காட்சி: நோட்டரி அலுவலகம். மேசையில் பத்திரமும் சாவிக்கொத்தும்.]

கடைசி நாளன்று நோட்டரி பத்திரத்தைப் போர்ச்சுகீசிய மொழியில் உரக்க வாசிப்பார். மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்து வர வேண்டும், அல்லது மொழி தெரிந்தவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். வாசிப்பு முடிந்து கையெழுத்தான பிறகே மேசையிலிருக்கும் சாவிக்கொத்து உங்கள் பக்கம் நகரும்.