ஊருணியில் ஒரு துளி

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நாலு மாதம் வரவே இல்லை. பிறகு வந்தார், கால் சுண்டுவிரலில் புண்ணோடு. மாத்திரையை விட்டுவிட்டு ஹோமியோபதி உருண்டை சாப்பிட்டிருக்கிறார். ஏன் ஆச்சி என்று கேட்டேன்.

"அங்க ஒரு மணி நேரம் உக்கார வச்சுக் கேட்டாக தம்பி. தூக்கம் எப்படி, என்ன கனவு வருது, எந்தப் பக்கம் சாஞ்சு படுக்கிறீகன்னு. நீங்க ரத்தச் சீட்டத்தானே பாப்பீக?"

பதில் சொல்ல முடியவில்லை. நான் அவருக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம்.

அந்தக் கேள்விகளெல்லாம் ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் வகுத்த முறை. 1790இல் அவர் குளிர்காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுத்துவந்த சிங்கோனா மரப்பட்டையைத் தானே தின்று, குளிர்காய்ச்சலின் குறிகள் தமக்கு வந்ததாக எழுதினார். அதிலிருந்துதான் 'ஒத்ததை ஒத்தது குணமாக்கும்' என்ற கொள்கை வளர்ந்தது. ரத்தத்தை வடித்தும் பாதரசம் புகட்டியும் வைத்தியம் நடந்த காலம் அது. அவர் நோயாளியை வதைக்கவில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

நாள்பட்ட நோய்தான் அவரைத் திணற வைத்தது. குணமானவர்கள் பழைய தொல்லையோடு திரும்பி வந்தார்கள். பல வருட யோசனைக்குப் பின் 1828இல் சோரா, சைகோசிஸ் (மரு நோய்), சிபிலிஸ் (மேகப்புண்) என்று மூன்று மூலகாரணங்களைச் சொன்னார். நாள்பட்ட நோய்களில் எட்டில் ஏழு பங்கு சோராவால் வருவதாம். அதாவது, மேல்பூச்சால் அமுக்கப்பட்டு உள்ளே இறங்கிய சொறிசிரங்கு. நம் வளவுகளிலும் "சிரங்க அமுக்காதே, உள்ளுக்குப் போயிரும்" என்கிற பேச்சு உண்டல்லவா? ஆனால் 1834இலேயே பாரீசில் ஒரு மருத்துவ மாணவர் சொறியிலிருந்து சிற்றுண்ணியை ஊசிமுனையில் எடுத்துக் காட்டிவிட்டார். அந்த உண்ணி செத்தால் சொறி போய்விடும். சர்க்கரை நோய் வேறு கதை: இன்சுலின் போதவில்லை, அல்லது உடம்பு அதற்கு இசையவில்லை.

அந்த உருண்டை மருந்தின் வீரியத்துக்கு வருவோம். ஒரு பங்கு மருந்து, 99 பங்கு திரவம், நன்றாகக் குலுக்கல். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடியும் அதே மாதிரி. நூறு மீட்டர் நீள அகலமும் இரண்டு மீட்டர் ஆழமுமாக நம் ஊர் ஊருணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு துளி. ஆறாவது சுற்றிலேயே மருந்து அதைவிட நீர்த்துப்போகும். பன்னிரண்டாவது சுற்றைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. கடையில் தாராளமாகக் கிடைப்பது முப்பதாவது. குலுக்கக் குலுக்க ஒரு சக்தி ஏறுகிறது என்பது அவர்களுடைய பதில். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுகளையெல்லாம் அலசி, ஹோமியோபதி எந்த நோய்க்கும் பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்று 2015இல் அறிவித்தது.

ஆச்சியின் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு அரை மணி ஒதுக்குகிறேன். தூக்கத்தைக் கேட்கிறேன், காலைத் தொட்டுப் பார்க்கிறேன். நீங்கள் உருண்டை சாப்பிட்டால் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் ஊசியில் வாழ்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள்.